பேழையில் துயின்ற ஏடுகள்

இராயபுரத்துக் கடற்கரையில் நின்று தெற்கே நோக்கினால் சென்னைத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். வடக்கே காசிமேட்டு மீன்பிடி துறைமுகம். அதற்கு அப்பால் திருவொற்றியூர். அதனையும் கடந்து சென்றால் எண்ணூர். இன்று இக்கரை நெடுகிலும் கப்பலின் ஒலியும் ஆலையின் ஒலியும் கலந்து கேட்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே துறைமுகம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மேனாட்டிலிருந்து வந்த கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடியாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் அலைகளை ஊடுருவிச் சென்று, ஆட்களையும் சரக்குகளையும் கரையில் கொண்டுவந்து சேர்க்கும்.

1712-ஆம் ஆண்டில் சென்னைக்கு இவ்வாறு வந்து சேர்ந்த சரக்குகளுள் ஓர் அச்சுப்பொறியும் இருந்தது. இலண்டன் நகரில் கப்பலேறிய அப்பொறி, வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மீண்டது. அதனை இயக்க உடன்வந்த அச்சாளர் கடற்பயணத்திலேயே உயிர் நீத்தார். பொறி மட்டும் சென்னையை அடைந்து, பின்னர்த் தரங்கம்பாடிக்குச் சென்றது. ஆங்குத் தமிழ் நூல்களை அச்சேற்றியவர் சீகன்பால்கு ஐயர் என்பதைப் பலரும் அறிவர். ஆயினும், அந்த அச்சுப்பொறி வந்த திசைக்கு எதிர்த்திசையில், தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற அவருடைய கையெழுத்துத் தாள்களின் வரலாற்றை அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றைக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டில் செருமனி நாட்டிலுள்ள புல்சுநிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தவர். டென்மார்க்கு மன்னரால் அனுப்பப் பெற்றுத் தம் நண்பர் புளுச்சோவுடன் 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு. சமயப் பணி புரிவதற்கென்றே அவர் வந்தார். ஆனால், ஒரு நாட்டு மக்களோடு பேச வேண்டுமாயின் அவர்தம் மொழியை முதலில் கற்றல் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆதலால், முதிய தமிழாசிரியர் ஒருவரைத் தேடி, அவர் நடத்திய பள்ளியையே தம் இல்லத்துக்கு வரவழைத்தார். சிறுவர்களோடு தாமும் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துக்களைப் பயின்றார்.

அவர் தமிழ் பயின்ற முறை வியக்கத்தக்கது. காலையில் ஒரு மணி நேரம் தாம் தொகுத்த சொற்களை மீண்டும் மீண்டும் படிப்பார். பிறகு நண்பகல் வரையில் முன் படித்தறியாத தமிழ் நூல்களைப் படிப்பார். அவ்வேளையில் புலவர் ஒருவர் அருகிருந்து பொருள் கூறுவார். எழுத்தர் ஒருவர் அரிய சொற்களைக் குறித்துக்கொள்வார். மாலையிலும் படிப்புத் தொடரும். இரவில் விளக்கொளி அவர் கண்களுக்கு ஒவ்வாமையால், பிறர் படிக்க அவர் கேட்டிருப்பார்.

இங்ஙனம் கற்பதற்கு ஏடுகள் வேண்டுமல்லவா? ஏடுகளைத் தேடித் தம் எழுத்தர்களைப் பல நாள் வழித்தொலைவிலுள்ள ஊர்களுக்கு அவர் அனுப்பினார். கற்றவர் ஒருவர் இறந்தபின், அவர் போற்றி வைத்த ஏடுகளைப் பயன்படுத்துவார் வீட்டில் இல்லாமற்போதல் உண்டு. அத்தகைய வீடுகளில் கைம்பெண்களாய் இருந்தோரிடமிருந்து அவ்வேடுகளை எழுத்தர்கள் விலைகொடுத்து வாங்கி வந்தனர். ஒருவர் வாழ்நாளெல்லாம் தொகுத்த செல்வம், அவர் மறைந்தபின் யார் கைக்குச் செல்லும் என்பது எந்நாளும் எழும் கேள்வி. சீகன்பால்கு ஐயரின் நூலகமே அக்கேள்விக்கு விடையாக எழுந்தது எனலாம். பிற்காலத்தில் அவருடைய தாள்களுக்கும் அதே கேள்வி எழுந்தது.

1708-ஆம் ஆண்டில், தம்மிடம் இருந்த நூல்களுக்கு அவர் ஒரு பட்டியல் எழுதினார். அதில் தமிழர் இயற்றிய நூல்கள் மட்டும் 119 இடம் பெற்றுள்ளன. தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றுள் உண்டு. பெயரை மட்டும் எழுதிச் செல்லாமல், ஒவ்வொரு நூலும் எதனைப் பற்றியது, எத்தகையது என்பதையும் சுருக்கமாகக் குறித்தார். அச்சு நூல்கள் தமிழில் பெருகாத அக்காலத்தில், ஒரு கடற்கரை ஊரில் எவ்வெந்நூல்கள் மக்களிடையே வழங்கின என்பதை அறிய இன்று நமக்குக் கிடைக்கும் அரிய சான்று அப்பட்டியலாகும். அந்நூலகம் அவர் வைத்திருந்த வண்ணம் இன்று இல்லை. பட்டியலோ அழியாமல் நிற்கின்றது.

அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்று நூல்களையும் அவர் செருமன் மொழியில் பெயர்த்தார். நம் நாட்டுச் சிறுவர் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்த நீதிகளைத் தம் நாட்டார்க்கு அறிவித்தல் வேண்டும் என்று கருதினார். தமிழரைக் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர் என ஐரோப்பியர் பலர் அந்நாளில் எண்ணியிருந்தனர். தாமும் முதலில் அவ்வாறே எண்ணியதாகவும், தமிழ் நூல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் தவறு எனத் தெளிந்ததாகவும் அவர் ஒளியாமல் எழுதினார். தம் பிழையைத் தாமே எழுதி வைப்பதற்குத் துணிவு வேண்டும். அத்துணிவு அவரிடம் இருந்தமையால்தான், அவருடைய தாள்களை இன்று நாம் நம்பிக்கையோடு எடுத்துப் படிக்கின்றோம்.

பின்னர் அவர் இரண்டு பெரிய நூல்களை எழுதினார். 1711-இல் எழுதியது தமிழரின் சமயத்தையும் வாழ்க்கை முறையையும் விளக்குவது. 1713-இல் எழுதி முடித்தது தென்னாட்டுத் தெய்வங்களின் மரபினைக் கூறுவது. அந்நாளைய ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்று அழைத்தமையால், அந்நூலும் மலபார்த் தெய்வங்களின் மரபு என்னும் பெயர் பெற்றது. பெருந்தெய்வங்களை மட்டுமன்றி, ஊர்தோறும் மக்கள் வணங்கும் அம்மன்களையும் ஐயனாரையும் பற்றி அதில் எழுதினார். நூல்களில் கண்டவற்றோடு, தமிழர் தமக்கு எழுதிய மடல்களிலிருந்தும் செய்திகளைத் திரட்டினார்.

அம்மடல்கள் தனியே குறிப்பிடத்தக்கவை. சீகன்பால்கு ஐயரும் அவருடைய துணைவர் கிருண்ட்லரும் பல கேள்விகளை எழுதித் தமிழரிடம் அனுப்பினர். கல்வி, திருமணம், மருத்துவம், ஒழுக்கம், சமயம் எனப் பல பொருள்களைப் பற்றியும் மக்கள் விடை எழுதினர். ஐயரின் கருத்தை மறுத்து எழுதியவரும் உண்டு. ஐரோப்பியர் நடத்தையைக் குறை கூறியவரும் உண்டு. அவற்றுள் 99 மடல்கள் செருமன் மொழியில் பெயர்க்கப்பெற்று, 1714-லும் 1717-லும் ஹாலே நகரில் அச்சாயின. அரசரும் புலவரும் அல்லாத தமிழர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்த் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே கூறிய சொற்களை இத்துணை விரிவாகக் காட்டும் தொகுதிகள் மிகச் சிலவே. ஆயினும், இன்று நாம் படிப்பவை மொழிபெயர்ப்புகளே. அம்மக்கள் தம் கைப்பட எழுதிய தமிழ் மூலங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. எழுதியவர்களின் பெயர்களும் அச்சில் இடம் பெறவில்லை. போற்றப்பட்டது எஞ்சியது, போற்றப்படாதது போயிற்று.

சீகன்பால்கு ஐயரின் தாள்கள் சென்று சேர்ந்த ஹாலே நகரைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அங்கே 1698-ஆம் ஆண்டில் பிராங்கே என்னும் பெரியார் அநாதைச் சிறுவர்களுக்கென ஓர் அறநிலையத்தை நிறுவினார். அதனைச் சூழ்ந்து பள்ளிகளும், அச்சகமும், மருந்துச் சாலையும், நூலகமும் எழுந்தன. தரங்கம்பாடியிலிருந்து செல்லும் மடல்களும் நாட்குறிப்புகளும் அங்கே சேர்க்கப்பெற்றன. அவற்றுள் தக்கவை எனக் கருதியவற்றைத் தொகுத்து 1710 முதல் 1772 வரையில் தொடர்ந்து வெளியிட்டனர். ஐரோப்பாவில் பலர் தமிழ்நாட்டைப் பற்றி முதன்முதலாக அறிந்தது அவ்வெளியீடுகளின் வாயிலாகவே.

எனினும், அச்சேறியவை சில; அச்சேறாதவை பல. தெய்வங்களின் மரபு பற்றிய நூலை ஹாலே நகரத்துப் பெரியோர் அச்சிட இசையவில்லை. சமயம் பரப்புமாறு அனுப்பப்பட்டவர், அயலார் சமயத்தைப் பற்றி இத்துணை விரிவாக எழுதி ஐரோப்பாவில் பரப்புவதா என அவர்கள் கருதினர். நூல் மீண்டும் கட்டி வைக்கப்பட்டது. அதனை எழுதியவர் 1719-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், முப்பத்தாறாம் வயதில் தரங்கம்பாடியில் மறைந்தார். தம் அரிய உழைப்பு அச்சில் வருவதை அவர் காணவில்லை.

இங்கே ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நூல் பயனற்றது என்று கருதியோர் அதனை அச்சிட மறுத்தனர். ஆனால் அதனை எரித்துவிடவில்லை. வேண்டாம் என ஒதுக்கியதையும் பேழையில் இட்டுக் காத்தனர். அவ்வொரு செயலே பிற்காலத்தார்க்குப் பெரும் பேறாக முடிந்தது. ஒரு தலைமுறை பயனற்றது எனத் தள்ளியதை, மற்றொரு தலைமுறை தேடி அலைவதுண்டு. எது நாளை வேண்டப்படும் என்பதை இன்று இருப்போர் முற்றும் அறிதல் இயலாது. ஆவணக் காப்பகம் என்பதன் தேவை இங்கேதான் விளங்குகின்றது.

நூல் துயின்ற காலம் 154 ஆண்டுகள். அதனைத் துயிலெழுப்பியவர் வில்கெல்ம் கெர்மான் என்பவர். அவர் லைப்சிக் நகரத்துச் சபையின் ஊழியராய்த் தமிழ்நாட்டுக்கு வந்தவர். திருச்சபைப் பணியோடு வரலாற்றிலும் பேரார்வம் கொண்டவர். பழைய மடல்களையும் கையெழுத்துக்களையும் தேடிப் படித்து, அவற்றையே ஆதாரமாகக் கொண்டு பபிரீசியு, சீகன்பால்கு, சுவார்த்சு ஆகியோரின் வரலாறுகளை எழுதினார். தெய்வங்களின் மரபு பற்றிய நூல் 1867-ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியால் முதன்முதலாக அச்சேறியது. அச்சேறிய இடம் எது? ஹாலே நகரமன்று, சென்னையிலுள்ள வேப்பேரி. தமிழ்க் கடற்கரையில் எழுதப்பெற்றுக் கடல் கடந்து சென்ற நூல், மீண்டும் தமிழ்க் கடற்கரைக்கே வந்து அச்சு வடிவம் பெற்றது. இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் புகைவண்டி புறப்பட்டுப் பதினோர் ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது.

கெர்மானுக்குப் பின்னரும் அறிஞர்கள் அத்தாள்களை நாடினர். 1711-ஆம் ஆண்டு நூலை வில்லெம் காலந்து என்னும் டச்சு அறிஞர் 1926-இல் ஆம்சுடர்டாமில் வெளியிட்டார். நீதி நூல்களின் மொழிபெயர்ப்பை 1930-இல் வெளியிட்டார். பின்னர் ஆர்னோ லேமான் என்பவர் வந்தார். அவரும் லைப்சிக் சபையின் ஊழியராய்த் தமிழ்நாட்டில் வாழ்ந்து தமிழ் கற்றவர். தாயுமானவர் பாடல்களைச் செருமன் மொழியில் பெயர்த்து 1935-இல் வெளியிட்டவர். தாயகம் திரும்பியபின் ஹாலே பல்கலைக் கழகத்தில் பேராசிரியராய் அமர்ந்தார். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் சமயப் பணி ஆற்றியவர், பிற்காலத்தில் காப்பகத்துத் தாள்களின் இடையே அமர்ந்து வரலாறு எழுதினார். சீகன்பால்கு ஐயரின் அச்சேறாத மடல்களைத் தொகுத்து 1957-இல் அவர் வெளியிட்ட நூல், வரலாற்று மாணவர்க்கு இன்றும் துணை செய்கின்றது.

மூலத் தாள்களைக் காப்பதன் பயனை மேலும் ஒரு செய்தி நமக்கு விளக்கும். 1867-ஆம் ஆண்டுப் பதிப்பில் கெர்மான் தம் சேர்க்கைகள் சிலவற்றையும் இணைத்திருந்தார். அவ்வச்சு நூலை மட்டும் படித்தவர், எது சீகன்பால்கு ஐயரின் சொல், எது பதிப்பாசிரியரின் சேர்க்கை என ஐயுறுதல் கூடும். பிற்காலத்தில் தமிழறிஞர் டேனியல் ஜெயராஜ் 1713-ஆம் ஆண்டின் மூல வடிவத்தை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார். கையெழுத்து மூலம் எஞ்சியிருந்தமையால் அன்றோ இது இயன்றது? அச்சு வந்துவிட்டது, இனிக் கையெழுத்து எதற்கு என்று எறிந்திருந்தால், உண்மையைச் சரிபார்க்கும் வழியே அடைந்து போயிருக்கும். 1708-ஆம் ஆண்டு நூற்பட்டியலும் அவ்வாறே ஆராயப் பெற்று, வில் சுவீட்மன், இலக்குவன் ஆகியோரின் விளக்கங்களுடன் 2012-இல் வெளிவந்தது.

ஒருவருடைய தாள்கள் காப்பகத்தில் எவ்வாறு பேணப்படுகின்றன என்பதையும் காண்போம். முதலாவதாக, அவை வந்த ஒழுங்கைக் கலைத்தல் ஆகாது. ஒரே கட்டில் இருந்த மடல்களைப் பிரித்துப் பொருள்வாரியாக வெவ்வேறு இடங்களில் அடுக்கினால், அவற்றிடையே இருந்த தொடர்பு அறுந்து போகும். இரண்டாவதாக, ஒவ்வொரு தாளுக்கும் எண் இட்டு, யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எந்த நாளில் எழுதியது என்பவற்றைப் பட்டியலில் பதிவர். பட்டியல் இல்லாத காப்பகம் சாவி இல்லாத பூட்டுக்கு ஒப்பாகும். மூன்றாவதாக, ஈரம், வெப்பம், ஒளி, பூச்சி ஆகிய நான்கு பகைகளிடமிருந்தும் தாள்களைக் காப்பர். காகிதத்தை அமிலம் நீக்கிய உறைகளில் இடுவர். பனையோலைக்கு எண்ணெய் பூசி அது நொறுங்காமல் பேணுவர். இறுதியாகப் படமெடுத்து வைப்பர். படம் பலருக்கும் பயன்படும். மூலம் தேயாமல் நிற்கும்.

தாள்களைப் படிப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. எழுதியவர் யார், எந்நோக்கத்தோடு எழுதினார், யார் படிப்பதற்காக எழுதினார் என்பவற்றை ஆராய்ந்தே அவர் கூற்றை ஏற்றல் வேண்டும். சீகன்பால்கு ஐயர் தம் சமயமே சிறந்தது என்னும் உறுதியோடு எழுதியவர். அவர் எழுத்தில் தமிழரைப் புகழும் இடங்களும் உண்டு; கடிந்துரைக்கும் இடங்களும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் நோக்குவதே வரலாற்று முறை. நமக்கு இனிமையானதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட்டால், நாம் கற்பது வரலாறாகாது.

தாள்களைக் காப்பது மேனாட்டார்க்கு மட்டும் உரிய பண்பு எனக் கருத வேண்டா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்து வாழ்ந்த ரோஜா முத்தையா, தம் வருவாயைக் கொண்டு பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் வாழ்நாளெல்லாம் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின், அத்தொகுதி சிதறாமல் சென்னைக்குக் கொண்டுவரப் பெற்று, அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாங்கத்தின் பழைய ஏடுகள் அடுக்கடுக்காகக் காக்கப்படுகின்றன. ஆனால் அரசாங்க ஏடுகளில் அரசாங்கத்தின் குரலே மிகுதியாகக் கேட்கும். மக்களின் குரல் மக்களின் வீடுகளிலேதான் இருக்கின்றது.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள இல்லங்களை எண்ணிப் பாருங்கள். பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பாட்டனார் கப்பலில் பணி செய்த நாளில் எழுதிய மடல் அதில் இருக்கலாம். ஆலையில் உழைத்தவரின் சம்பளச் சீட்டு இருக்கலாம். தொழிற்சங்கத்தின் பழைய துண்டறிக்கையோ, படகின் வரவு செலவுக் கணக்கோ, மங்கிய ஒரு புகைப்படமோ இருக்கலாம். வீட்டை வெள்ளையடிக்கும் நாளில் அவை பழைய தாள் வாங்குவோர் கூடைக்குச் சென்றுவிடுகின்றன. இத்துறைமுகத்தைத் தம் தோள்வலியால் இயக்கிய மக்களின் வரலாறு அவற்றோடு சென்றுவிடுகின்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் விடை எழுதிய தமிழரின் பெயர்களை நாம் இழந்தோம். இன்று வாழ்வோரின் பெயர்களையும் இழத்தல் வேண்டுமா?

மாணவர்களே, இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. கடற்காற்றின் ஈரமும் உப்பும் மிகுந்த நம் பகுதியில், தாள்களைத் தரையில் வைக்காமல் உயரத்தில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். கிழிந்தவற்றைப் பசைநாடாவால் ஒட்டாதீர்கள். நாளடைவில் அப்பசையே தாளைக் கெடுக்கும். புகைப்படத்தின் பின்புறத்தில், அதிலுள்ளோர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். அவற்றைக் கூறவல்ல முதியோர் உங்களோடு இருக்கும்பொழுதே கேட்டு எழுதுங்கள். ஒரு கட்டில் இருப்பவற்றை அவ்வாறே ஒன்றாக வையுங்கள்.

ஒரு நூல் எழுதியவரைக் கைவிட்ட காலமும் உண்டு. அந்நூலைக் கைவிடாத பேழையும் உண்டு. சீகன்பால்கு ஐயரின் தாள்களை ஒரு பேழை காத்தது. நம் பெற்றோரின் தாள்களை யார் காப்பார்? நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதிலிருந்து அதற்கு விடை தொடங்குகின்றது.